பாடுவது போன், செட் அல்ல

புதுக் கார் வாங்கியவரும் சரி, ஓடிக்கொண்டிருந்த காருக்குப் புது செட் மாட்டியவரும் சரி, முதல் மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒரே புகாரோடு வருகிறார்கள். பாட்டு ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. வாயால் சொன்னால் ஒன்றைக் கேட்டு வேறொன்றைப் போடுகிறது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் ‘விட்டு விட்டுக் கேக்குது’ என்கிறார். செட் மாட்டிய கடையில் கேட்டால் ‘உங்க போன்லதான் பிரச்சினை’ என்பார்கள். போன் கடையில் கேட்டால் கை செட்டைக் காட்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரிலும் இதுதான் கதை. இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. வண்டிக்குள் பாட்டு எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வருகிறது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தது 1963-இல். அதற்குப் பிறகு சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது. வடிவம் மாறினாலும் வேலை ஒன்றுதான்: பாட்டு பெட்டிக்குள் போனது, பெட்டியே அதைப் படித்துப் பாடியது. பாடவில்லை என்றால் கோளாறு பெட்டியில், அல்லது உள்ளே போட்ட பொருளில். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினோம். பென் டிரைவைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி சொருகினோம்.

இப்போது பெட்டிக்குள் எதுவும் இல்லை. பாட்டு போனில் இருக்கிறது. பல நேரம் போனிலும் இல்லை. இணையத்தின் அந்தப் பக்கம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது, போன் அதை வாங்கித் தருகிறது. கேட்பதும் போன், தேடுவதும் போன், பாடுவதும் போன். செட்டுக்கு மிஞ்சியிருப்பவை ஒரு திரை, நாலு ஸ்பீக்கர், ஒரு மைக். கடைமடை வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் முதலில் வயலைக் குறை சொல்வதில்லை. மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம். இங்கேயும் அந்த வரிசைதான். முதலில் போனில் தனியாகப் பாட்டு ஓடுகிறதா? அடுத்து, போனுக்கும் செட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு எது? கடைசியில்தான் செட்.

அந்த நடு இணைப்பில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. வெளியில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இன்று நம் வண்டிகளில் ஓடுகின்றன.

ஒன்று, வெறும் ப்ளூடூத். போனில் ஓடும் பாட்டின் ஒலி கம்பியில்லாமல் செட்டுக்கு வரும். செட்டின் பட்டனால் அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு மாற்றலாம். போன் வந்தால் எடுக்கலாம். போனின் திரை வராது, மேப் வராது.

இரண்டாவது ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே. ஆப்பிள் கார்ப்ளேயை 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே ஆண்டு அறிவிக்கப்பட்டு 2015-இல் வெளிவந்தது, 2016-இல் இந்தியாவுக்கு வந்தது. இதில் போன், வண்டி ஓட்டுபவருக்கென்று சுருக்கி வடிவமைத்த தன் திரையைச் செட்டில் காட்டுகிறது. மேப், பாட்டு, போன், மெசேஜ் எல்லாம் பெரிய எழுத்தில் வரும். விரலால் தொடுவது செட்டைத்தான் என்றாலும் வேலை நடப்பது முழுக்கப் போனுக்குள்.

மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் விற்கும் ‘ஆண்ட்ராய்டு செட்’. இது தானே ஒரு ஆண்ட்ராய்டு கருவி. சிம் இல்லாத டேப்லெட்டை டாஷ்போர்டில் பதித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தனியாக மேப் உண்டு, யூடியூப் உண்டு, ரேம் இத்தனை, மெமரி இத்தனை என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். ஆனால் இணையம் அதற்கு வெளியிலிருந்து வரவேண்டும்.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டாவதை நினைத்துக்கொண்டு மூன்றாவதை வாங்கிவிடுகிறார்கள். தஞ்சாவூரில் ஒரு கடையில் பார்த்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், செட் மாட்டிய பையனிடம் போனையும் கம்பியையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“தம்பி, ஆண்ட்ராய்டு செட்டுன்னு சொல்லித்தானே மாட்டுனீங்க? போனைச் சொருகுனா மேப்பே வரலையே?”

“ஐயா, செட்டே ஆண்ட்ராய்டுங்க. போனைச் சொருகவே வேணாம். ஹாட்ஸ்பாட் போட்டு விட்டீங்கன்னா மேப்பு அதுலயே ஓடும்.”

“என் மருமவன் வண்டியில சொருகுனா வருதே?”

“அது ஆண்ட்ராய்டு ஆட்டோங்க ஐயா.”

“நான் அதத்தானப்பா கேட்டேன்.”

பையன் சொன்னதில் தப்பில்லை. பெரியவர் கேட்டதிலும் தப்பில்லை. இத்தகைய செட்டுகள் சிலவற்றில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் ஒரு தனிச் செயலி வழியாகக் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. ஆகவே வாங்கும்முன் ‘ஆண்ட்ராய்டு இருக்கா?’ என்று கேட்காதீர்கள். உங்கள் போனையே கொண்டுபோய், காட்சிக்கு வைத்திருக்கும் செட்டில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேப் திரையில் ஓடி, ஒரு பாட்டு பாடி, ஒரு போனும் பேசிய பிறகு காசைக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. எந்தக் கடைக்காரரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும்.

ஒவ்வொரு இணைப்பும் எங்கே மக்கர் பண்ணும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். ப்ளூடூத்திலிருந்து தொடங்குவோம்.

ப்ளூடூத் ஒரே குழாய் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் தனித்தனிப் பாதைகள் உண்டு: பாட்டுக்கு ஒன்று, போன் பேச்சுக்கு ஒன்று, அடுத்த பாட்டு மாற்றும் கட்டளைக்கு ஒன்று, பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ள ஒன்று. பாட்டுப் பாதை ஒருவழிப் பாதை. போனிலிருந்து செட்டுக்கு மட்டும் போகும், அகலமாக இருக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், இடம் வலம் இரண்டு பக்கமும் பிரிந்து வரும். பேச்சுப் பாதை இருவழி. உங்கள் குரலும் போகவேண்டும், அவர் குரலும் வரவேண்டும் என்பதால் அது குறுகல். பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள், புதிய முறையில் 16,000. ‘பாட்டு அருமையா கேக்குது, போன் பேசுனா மட்டும் சுமாரா இருக்கு’ என்பவருக்கு விடை இதுதான். வாய்க்கட்டளைக்காக மைக் திறந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடுவதற்கோ தகரச் சத்தமாக மாறுவதற்கோ காரணமும் இதுவே. ஸ்பீக்கர் போய்விட்டது என்று மாற்றிவிடாதீர்கள்.

பாதைகள் தனித்தனி என்பதால் அனுமதியும் தனித்தனி. ஆண்ட்ராய்டு போனின் ப்ளூடூத் அமைப்பில் உங்கள் வண்டியின் பெயரைத் தொட்டால் ‘மீடியா ஆடியோ’, ‘அழைப்புகள்’, ‘தொடர்புகள்’ என்று வரிசையாகச் சுவிட்சுகள் தெரியும். போன் பேச முடிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால் மீடியா சுவிட்ச் அணைந்திருக்கும். பெயர் சொன்னால் யாரையும் அழைக்க மறுக்கிறது என்றால், முதல்நாள் இணைக்கும்போது ‘தொடர்புகளைப் பகிரலாமா?’ என்று கேட்டதற்கு அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.

ஒலியளவிலும் ஒரு சங்கதி. போனில் ஒரு அளவு, செட்டில் ஒரு அளவு என்று இரண்டு இருக்கும். போனில் பாதியில் வைத்துவிட்டுச் செட்டில் முழுக்கத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். போனில் முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதையெல்லாம் செட்டில் செய்துகொள்வது நல்லது. வீட்டில் இரண்டு மூன்று போன்களை ஒரே வண்டியில் இணைத்திருந்தால், சாவி திருப்பியதும் யார் போன் முதலில் ஒட்டிக்கொள்ளும் என்பதும் ஒரு கேள்வி. கடைசியாக இணைந்திருந்ததையே பல செட்டுகள் முதலில் தேடும். வீட்டம்மா பையில் இருக்கும் போன் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் தன் போனை வைத்துக்கொண்டு ‘பாடமாட்டேங்குது’ என்று தவிப்பது அன்றாடக் காட்சி.

ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கார்ப்ளேயிலும் வரும் தொல்லைக்கு முதல் காரணம் கம்பி. மலிவாகக் கிடைக்கும் பல கம்பிகளில் மின்சாரம் மட்டும் போகும். தகவல் போவதற்கான இழை உள்ளே இருக்காது. போன் சார்ஜ் ஏறும், திரை வராது. போனோடு வந்த கம்பியைப் போட்டுப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். வண்டியில் இரண்டு மூன்று யுஎஸ்பி ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் அவற்றில் ஒன்று மட்டுமே செட்டோடு இணைந்திருக்கும், மற்றவை சார்ஜுக்கு. இன்னொன்று: கம்பி மாட்டியிருந்தாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் போன் பேச்சு மட்டும் ப்ளூடூத் வழியேதான் போகிறது. சார்ஜ் மிச்சம் பிடிக்க ப்ளூடூத்தை அணைத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பியில்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் முதலில் ப்ளூடூத்தில் கைகொடுத்துவிட்டு, பிறகு வைஃபையில் வேலையைத் தொடர்கின்றன. திரை முழுக்கக் காற்றில் போவதால் போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். நம் கத்திரி வெயிலில் டாஷ்போர்டு மேல், கண்ணாடிக்கு நேர் கீழே போனை வைத்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நிறுத்தியேவிடும். கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில், ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

இனி வாய்க்கட்டளைக்கு வருவோம். இதைப் பற்றித்தான் அதிக ஆசையும் அதிக ஏமாற்றமும் இருக்கின்றன.

நீங்கள் ஒரு பாட்டைக் கேட்கிறீர்கள். உங்கள் குரலைச் செட்டின் மைக் பிடிக்கிறது. அங்கிருந்து போனுக்குப் போகிறது. பெரும்பாலும் போன் அதை இணையத்தில் அனுப்புகிறது. அங்கே ஒலி எழுத்தாகிறது. எழுத்திலிருந்து உங்கள் நோக்கம் என்ன என்று கணிக்கப்படுகிறது. பாட்டுச் செயலியில் தேடப்படுகிறது. முடிவு திரும்பி வந்து ஸ்பீக்கரில் பாடுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நழுவினாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: ‘மன்னிக்கவும், புரியவில்லை.’

முதல் கண்ணி மைக். வண்டியோடு வரும் செட்டுகளில் மைக்கை ஓட்டுநரின் தலைக்கு மேல், விளக்குக்கு அருகில் வைத்திருப்பார்கள். கடையில் மாட்டும் செட்டுகளில் பலவற்றுக்குத் திரையின் ஓரத்தில் ஊசித் துளை அளவில் ஒரு மைக் இருக்கும். அது ஏசி காற்றுக்கு நேர் எதிரில். மே மாதம் ஏசி விசிறி நாலாம் நம்பரில் சுழலும்போது அந்த மைக்குக் கேட்பது காற்றின் குரல்தான். இத்தகைய செட்டுகளோடு நீளக் கம்பியில் ஒரு தனி மைக்கும் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடி ஓரத் தூணிலோ ஸ்டீயரிங்குக்குப் பின்னாலோ ஒட்டித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் மாட்டும் கடைகளில் இது பெட்டியிலேயே கிடந்துவிடும். கட்டளை சொல்வதற்கு முன் கண்ணாடியை ஏற்றி விசிறியை ஒரு படி குறைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது மொழி. எந்த மொழியில் கேட்கவேண்டும் என்று போனின் உதவியாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். அங்கே ஆங்கிலம் மட்டும் இருந்தால், நாம் தமிழில் சொல்வதை அது ஆங்கிலச் சொற்களாகக் கேட்க முயலும். அப்போது வரும் பாட்டைக் கேட்டுக் குழந்தைகள் சிரிப்பார்கள். கூகுளின் உதவியாளர் போனில் தமிழ் கேட்கிறது. ஆனால் போனில் கேட்கும் மொழியெல்லாம் கார்த்திரையிலும் கேட்கும் என்று கட்டாயமில்லை. வாங்குமுன் இதையும் சோதித்துவிடுங்கள். இப்போது அந்த உதவியாளரின் இடத்துக்குக் கூகுளின் ஜெமினி வந்துகொண்டிருப்பதால் நடப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆப்பிளின் சிரி, 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் இந்திய ஆங்கிலத்தோடு தமிழையும் கலந்து பேசினால் ஏற்றுக்கொள்கிறது. நாம் பேசுவதே அப்படித்தான் என்பதால் இது உபகாரம்.

மூன்றாவது பெயர்கள். காவிரிப் படுகை இந்த இயந்திரங்களுக்கு வைக்கும் தேர்வு கொஞ்சம் கடினம். திருவையாறு, திருவாரூர், திருவாவடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், திருப்பனந்தாள், திருக்காட்டுப்பள்ளி. எல்லாம் சில மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய ஊர்கள், எல்லாம் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. வேகமாகச் சொல்லும்போது திருவையாறும் திருவாரூரும் மைக்குக்கு ஒன்றாகத் தெரிந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்று தஞ்சாவூருக்கு வடக்கே, இன்னொன்று கிழக்கே. பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை என்று இன்னொரு கூட்டம் முடிவில் ஒன்றுபோல ஒலிக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லியதும் திரையில் வந்த எழுத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு வண்டியை எடுப்பதே வழி. கோயில் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ சேர்த்துச் சொன்னால் இன்னும் தெளிவு.

போனில் பெயர் பதிவு செய்திருக்கும் முறையும் காலை வாரும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில், அதுவும் அவரவர் மனம்போன போக்கில் எழுதி வைத்திருக்கிறோம். மணி என்று நாலு பேர். ஒருவர் டிராக்டர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் சம்பந்தி, ஒருவர் உரக்கடை. ‘மணிக்குப் போன் போடு’ என்றால் அது திருப்பி எந்த மணி என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்ல, அது மறுபடி கேட்க, இதற்குள் வண்டி பாபநாசம் தாண்டிவிடும். அடிக்கடி அழைக்கும் பத்துப் பேரின் பெயரை மட்டும், ஓசையில் ஒன்றோடொன்று ஒட்டாத இரட்டைச் சொல்லாக மாற்றி வைத்தால் போதும். பாட்டுக்கும் இதே மாதிரிதான். பல்லவியின் முதல் சொல்லை மட்டும் சொன்னால் அந்தச் சொல்லில் தொடங்கும் எத்தனையோ பாட்டுகள் இருக்கும். படத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தபின் வாய்க்கட்டளை நன்றாகவே வேலை செய்யும். அப்போதுதான் இன்னொரு தவறான எண்ணம் வந்து உட்காருகிறது: ‘கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது, கண் சாலையில் இருக்கிறது, இனி ஆபத்தில்லை.’ இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பிரிட்டனின் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் செய்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஒரு அடையாளத்தைப் பார்த்ததும் அவர்கள் எதிர்வினை காட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். திரையைத் தொட்டு இயக்கியபோது, ஒன்றும் செய்யாமல் ஓட்டும் நேரத்தைவிட ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் கார்ப்ளேயில் 57 சதவீதமும் தாமதம். வாயால் சொல்லி இயக்கியபோது முறையே 30, 36 சதவீதம். தொடுவதைவிட வாய்க்கட்டளை மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மது குடித்து ஓட்டுபவரின் தாமதம் 12 சதவீதம்தான் என்று முந்தைய சோதனையில் கண்டிருந்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 30 எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, ஏஏஏ என்ற சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. சில கருவிகளில் கட்டளை சொல்லி முடித்த பிறகும் மனம் முழுக்கச் சாலைக்குத் திரும்ப 27 நொடி வரை ஆகிறது என்றார்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்றால் 450 மீட்டர். நம் சாலையில் அந்தத் தூரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை, ஒரு மதகு, ஒரு வளைவு எல்லாம் வந்து போய்விடும்.

நெடுஞ்சாலையின் நேர்கோட்டில் ஓட்டுபவருக்கு அந்த 27 நொடி கழிந்துவிடலாம். டெல்டாவின் உள்சாலைகள் அப்படியல்ல. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாமல் நெல் மூட்டையோடு டிராக்டர் போகும். இரவில் லாரியில் ஏற்றிய அறுவடை மெஷின் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு வரும். வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை, புது ஆற்றங்கரை என்று கரையை ஒட்டியே போகும் சாலைகளில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ‘குட்டி யானை’ லோடு வண்டி ஒன்று வந்தாலே ஒருவர் மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். இந்தச் சாலைகள் கேட்பது கையையும் கண்ணையும் மட்டுமல்ல. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கும் மனதையும் சேர்த்துத்தான். வாய்க்கட்டளை கையை விடுவிக்கிறது, கண்ணை ஓரளவு விடுவிக்கிறது. மனதை அது வாங்கிக்கொள்கிறது.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் போகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழிகாட்டலுக்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் கலையாத விதத்தில் பயன்படுத்தலாம் என்கிறது. செட் வழியாகப் பேசுவது கையில் பிடிப்பதாகாது என்று சொல்லித் தப்பிக்கலாம். மதகுக் கட்டையிடம் அந்த வாதம் எடுபடாது.

ஆகவே நம் பரிந்துரை எளிது. ஊரின் பெயர், பாட்டுப் பட்டியல், மேப்பின் குரல் எந்த மொழி என்பதையெல்லாம் வண்டி நிற்கும்போதே முடித்துவிடுங்கள். ஓடும்போது ‘அடுத்த பாட்டு’, ‘நிறுத்து’, ‘வீட்டுக்குப் போன் போடு’ போன்ற ஒரு மூச்சுக் கட்டளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேட வேண்டியது, திருத்த வேண்டியது, திருப்பிச் சொல்ல வேண்டியது எதுவானாலும் முன்சீட்டில் இருப்பவர் வேலை. தனியாகப் போகிறீர்கள் என்றால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபடி நிதானமாகப் பட்டியல் போட்டவர்கள் உண்டு, அவர்களைப் பின்பற்றலாம்.

பாட்டைத் தேர்வதிலும் ஒரு யுக்தி இருக்கிறது. குறும்பாட்டுகளாக ஓடினால் கை அடிக்கடி திரைக்குப் போகும். நீளமானவை ஓட்டுநருக்கு நல்லது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கிடைக்கும். விடிய விடிய நாகசுரத்தில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையும் அந்த அளவுக்குள்தான் அடைத்தார்கள். இன்று முழுக் கச்சேரியையும் நிறுத்தாமல் கேட்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முப்பது நொடிக்கு ஒரு பாட்டு மாற்றுவானேன்? வயல் நடுவே டவர் விட்டுப்போகும் இடங்கள் இன்னும் இருப்பதால், வீட்டில் வைஃபை இருக்கும்போதே பட்டியலைப் போனில் இறக்கி வைத்துவிட்டால், பாதிப் பாட்டில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்காது.

இதில் எதுவுமே வேண்டாம் என்பவருக்கு வானொலி இருக்கிறது. அதற்குக் கட்டளையும் வேண்டாம், தேடலும் வேண்டாம். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1960-களில் ஆடுதுறை 27 நெல்லை அது ஒலிபரப்பிப் பரப்பியதில், தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் புதிய செட்டுகளில் பல எஃப்எம் மட்டும் எடுக்கும், மத்திய அலை எடுக்காது. திருச்சியின் மத்திய அலை ஒலிபரப்பைக் காரில் கேட்கும் பழக்கம் உள்ளவர் வாங்கும்முன் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் மாட்டும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். செட்டின் பின்னால் ‘பார்க்கிங்’ அல்லது ‘பிரேக்’ என்று எழுதிய ஒரு ஒயர் வரும். கைபிரேக் போட்டிருந்தால் மட்டும் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அதைப் பாடியில் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடும்போதும் படம் பார்க்கலாம். கேட்காமலே இப்படி மாட்டித்தரும் கடைகள் உண்டு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, வண்டியின் ஒயரை வெட்டி டேப் சுற்றுவதற்குப் பதில் உங்கள் வண்டி மாடலுக்கான கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சிறிது. வாரண்டி தகராறும் மழைக்காலத்து ஷார்ட் சர்க்யூட்டும் இல்லாமல் போகும். செட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே, ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். குமிழைக் கண்ணால் தேட வேண்டியதில்லை.

வண்டியை விற்கும்போதோ, நாலு நாள் வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கும்போதோ, செட்டின் ப்ளூடூத் பட்டியலில் உங்கள் போனை அழித்துவிடுங்கள். போனைத் துண்டித்தாலும் பெயர்களும் எண்களும் சில செட்டுகளில் தங்கிவிடும். பழைய வண்டி வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது: அமைப்புகளுக்குள் போய், ‘ஃபாக்டரி ரீசெட்’.